இரவல் கொடுத்த உடல்கள்

இறப்பர் மரத்தில் பால் எடுப்பது பார்ப்பதற்கு எளிய வேலை. விடிந்தும் விடியாத நேரத்தில் மலையேறி, முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, கத்தியைச் சரிவாகப் பிடித்து ஒரு நூல் கனத்துக்குப் பட்டையைச் சீவிவிட்டால் சிரட்டைக்குள் பால் சொட்டத் தொடங்கும். அந்த ஒரு நூல் கனத்தில்தான் அந்தத் தொழிலின் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பால் நாளங்கள் பட்டையின் மேற்புறத்தில் குறைவு. மரத்தின் உயிருள்ள உட்படையை நெருங்க நெருங்கவே அவை அடர்கின்றன. மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஒரு மில்லிமீற்றர் ஆழம் கூடினால் மரம் காயப்படும். காயம் ஆறிய இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்தப் பக்கத்தில் மறுபடி ஒழுங்காகக் கத்தி வைக்க முடியாது. லயத்துக் காம்பிராக்களைப் போல, நன்மையும் ஆபத்தும் இங்கே ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு குடியிருக்கின்றன.

அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால் வெட்டிய என் பெரியம்மாவுக்கு இது கையில் ஊறிய அறிவு. புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைகளை முதலில் இளம் மரத்துக்கு விடமாட்டார்கள் என்று அவர் சொல்லுவார். வெட்டிச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில் கை படிந்த பிறகே புது மலை. “மரத்துக்கு வாயில்ல தம்பி. கத்தி புடிச்சவனுக்குத்தான் அது நோகணும்” என்பார்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. தவறும் கைக்குத் தவறுவதற்கு ஓர் இடம் வேண்டும். இழப்பு குறைந்த இடமாக அதைத் தேர்வது விவேகம். ஆனால் மனிதருக்குள் கிழட்டு மரம் எது? சத்திரசிகிச்சை பயில வந்த இளைஞனின் கையில், இளம்பெண்ணின் கையில், முதலில் ஒப்படைக்கத்தக்க உடல் யாருடையது? நாம் எல்லோரும் தேர்ந்த கையையே நாடுகிறோம். பெரிய டொக்டரே பார்க்க வேண்டும் என்று சிபாரிசு தேடி அலைகிறோம். எந்தக் கையும் தேர்ந்ததாகப் பிறப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியாததல்ல. இந்த விருப்பத்துக்கும் அந்த உண்மைக்கும் நடுவே யாரோ ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார். அவர் யார் என்று கேட்க நாம் கூசுகிறோம்.

மருத்துவ வரலாறு அந்தக் கேள்விக்குக் கூச்சமில்லாமல் விடை சொல்லியே வந்திருக்கிறது. 1868-ல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் அடொல்ஃப் குஸ்மவுல் உயிரோடிருக்கும் மனிதனின் இரைப்பைக்குள் ஒரு குழாயைச் செலுத்திப் பார்த்தார். வளையாத உலோகக் குழாய். அதை விழுங்கச் சம்மதித்தவர், வாள் விழுங்கி வயிறு வளர்த்த ஒரு வித்தைக்காரர். அதற்கும் முன்னால், 1835-ல், லண்டனில் பிரெடரிக் சால்மன் மலக்குடல் நோய்களுக்கென்றே ஒரு சிகிச்சையகத்தைத் தொடங்கினார். ஏழே கட்டில்கள். ஏழைகளுக்கானது என்று அதன் பெயரிலேயே எழுதியிருந்தது. அதுவே பின்னாளில் சென் மார்க்ஸ் வைத்தியசாலையாகி, பல நாடுகளின் பெருங்குடல் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சென்று பயிலும் இடமாக வளர்ந்தது. 1841-ல் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்குப் பவுத்திர அறுவை செய்தவர் இதே சால்மன். டிக்கன்ஸ் குணமடைந்தார், அதன் பிறகு அவர் எழுதியவற்றை உலகம் இன்றும் படிக்கிறது. அவருக்கு முன்னால் அந்த ஏழு கட்டில்களில் படுத்து, அந்தக் கைக்கு அந்த உறுதியைக் கொடுத்தவர்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

வரலாற்றில் வேறொரு காட்சியும் உண்டு. 1954-ல் ஹரோல்ட் ஹொப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார்கள். அந்த வழியில் வளைந்து கொடுக்கும் உள்நோக்கியைச் செய்த பசில் ஹர்ஷோவிட்ஸ், 1957-ல் அதை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். சில நாள் கழித்துத்தான் நோயாளியிடம் போனார். 1969-ல் நியூயோர்க்கில் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும், வயிற்றைத் திறக்காமலே பெருங்குடலுக்குள்ளிருந்து கட்டிகளை அறுத்தெடுக்கத் தொடங்கினார்கள். இவர்களுடைய திறமையை வியப்பதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஹர்ஷோவிட்ஸின் தொண்டையில். பிறர் உடலைக் கேட்பதற்கு முன் தன் உடலைக் கொடுத்த அந்தச் சில நாட்களில், இந்தத் துறை தன் கடனின் அளவை உணர்ந்திருந்தது.

பெரியம்மா பால் வெட்டிய அந்த அரநாயக்க என்றால் நாட்டுக்கு 2016 மே 17-தான் நினைவுக்கு வரும். சமசர மலை சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மண் மூடிய நாள் அது. அப்படிப்பட்ட சாவைத் தேசமே நின்று பார்க்கிறது. பெருங்குடலில் ஒரு சிறு முளை பத்தாண்டு எடுத்து மெல்லப் புற்றாக மாறுவதை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பத்தாண்டும் ஓர் அவகாசம். பார்க்கத் தெரிந்த கண்ணும் எடுக்கத் தெரிந்த கையும் அந்த அவகாசத்துக்குள் வந்து சேர்ந்தால், வரவிருந்த புற்றுநோய் வராமலே போகும்.

பெரியம்மாவுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் மலத்தோடு இரத்தம் போனது. சூடு என்றார், மூலம் என்றார், வெளியில் சொல்ல வெட்கப்பட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வயிற்றுவலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டார். மகள் கண்டுபிடித்துப் பிடிவாதமாக அழைத்துப் போனபோதுதான் கமரா விட்டுப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்தார்கள். குடலைக் கழுவ முதல் நாள் குடிக்கும் மருந்துநீர் என்ன செய்யும் என்பது குடித்தவர்களுக்குத் தெரியும். பெரியம்மாவின் லயத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுவான கக்கூஸ், காம்பிராவிலிருந்து பள்ளத்தில், வழுக்கும் படிகளுக்குக் கீழே இருந்தது. மழை இரவு. கையில் டோர்ச்சோடு எத்தனை தரம் இறங்கி ஏறினார் என்று அவர் சொன்னபோது எனக்குக் குனிந்த தலை நிமிரவில்லை. குடல் சரியாகக் கழுவப்படவில்லை என்று அறிக்கையில் ஒரு வரி எழுதுவது சுலபம். அந்த வரிக்குப் பின்னால் எத்தனை படிகள் இருக்கின்றன என்று அறிவதும் இந்தப் பயிற்சியின் பாடங்களில் ஒன்றாக வேண்டும்.

அவருக்குக் கமரா விட்டவர் பயிற்சியில் இருந்த ஓர் இளம் டொக்டர். சிங்களப் பிள்ளை. தட்டுத் தடுமாறிய தமிழில் தன் பெயரைச் சொல்லி, “நான் படிக்கிறேன், சேர் பக்கத்தில் இருக்கிறார், நான் பார்க்கலாமா அம்மா?” என்று கேட்டாராம். பெரியம்மா தலையாட்டியிருக்கிறார். இடப்பக்கம் சரிந்து படுத்திருந்த அவருக்கு முழு மயக்கம் இல்லை. அந்தப் பிள்ளையின் பின்னால் வயதான ஒருவர், இரண்டு கைகளையும் முதுகுப் பின்னால் கோத்துக்கொண்டு, திரையையே பார்த்து நின்றார். ஓரிடத்தில் வலி தாங்காமல் பெரியம்மா முனகியபோது அந்தப் பெரியவர் முன்னால் வந்து குழாயைத் தன் கையில் வாங்கினார். சற்று இழுத்தார், திருப்பினார். வலி நின்றது. “நின்னதும் அந்தப் புள்ள கையிலயே திரும்பக் கொடுத்துட்டாரு” என்று பெரியம்மா ஆச்சரியத்தோடு சொன்னார். தோட்டத்தில் அவர் கண்ட அதிகாரம், ஒரு முறை பறித்ததைத் திருப்பித் தந்ததில்லை.

அந்த அறையில் நடந்தது என்ன என்று பிற்பாடு விளங்கிக்கொள்ள முயன்றேன். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளம். அதன் சில பகுதிகள் வயிற்றுக்குள் கட்டில்லாமல் அசைபவை. இடுப்புக்குழியருகே அது சுருளும் இடத்தில் குழாயும் சேர்ந்து சுருள்கிறது. பயில்பவரின் இயல்பு, இன்னும் தள்ளுவது. தள்ளத் தள்ளச் சுருள் பெரிதாகிறது, குடலைப் பிடித்திருக்கும் சவ்வு மடிப்புகள் இழுபடுகின்றன, நோயாளி துடிக்கிறார், கமராவோ ஓர் அங்குலமும் முன்னே போவதில்லை. அனுபவம் உள்ள கை அங்கே பின்னுக்கு இழுக்கும். இழுத்ததும் சுருள் நிமிர்கிறது. பின்வாங்கிய கமரா, திரையில், முன்னே போகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் காது கேட்டுக்கொள்ளும், கை கேட்டுக்கொள்ளாது. கைக்கு அது விளங்க 200, 300 உடல்கள் தேவைப்படுகின்றன.

குடலின் முடிவு வரை போய்ச் சேர்வதை வெற்றி என்று இளையவர்கள் நினைப்பது இயல்பு. உண்மையான பார்வை திரும்பி வருகிற வழியில்தான் நடக்கிறது. ஆறு நிமிடத்துக்குக் குறையாமல், மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு வளைவின் பின்புறத்தையும் எட்டிப் பார்த்தபடி வெளியேற வேண்டும். 2014-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு மூன்று லட்சத்துக்கும் அதிகமான பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தது. முளைகளைக் கண்டுபிடிக்கும் வீதம் ஒரு மருத்துவரிடம் ஒரு சதவீதம் கூடினால், அவரிடம் பரிசோதித்துக்கொண்டவருக்குப் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு மூன்று சதவீதம் குறைவதை அது காட்டியது. கருவி ஒன்றுதான், குடலும் ஒன்றுதான். பார்ப்பவரின் பொறுமை மாறும்போது பார்க்கப்படுபவரின் ஆயுள் மாறுகிறது. முளையைக் கண்ட பிறகு வருவது பெரியம்மாவின் கணக்கு. குடற்சுவர் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. முளையை வேரோடு எடுக்க வேண்டும், சுவர் ஓட்டையாகக் கூடாது. அவர் தன் ஆயுளெல்லாம் மரத்தில் காத்த அந்த ஒரு நூல் கனத்தை, இப்போது யாரோ ஒரு பிள்ளை அவருடைய குடலில் காக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

கை, கண் இரண்டுக்கும் முன்னால் பயில வேண்டியது ஒன்றுண்டு, அது சொல். மலம், இரத்தம், பின்வழி என்று மகளிடமே பேசக் கூசும் ஒரு பெண்ணிடம், அவளுடைய மொழி தெரியாமல் எந்த நோயைக் கேட்டறிய முடியும்? சம்மதம் என்பது விளங்கிக்கொண்டு தருவது. விளங்காத மொழியில் நீட்டப்பட்ட காகிதத்தில் வைத்த கையெழுத்து, பிரட்டுக்களத்துச் செக்ரோலில் பதிந்த கைநாட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இந்தத் தீவில் இதை ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தார். 1847-ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழ் படித்தார்; பின்னாளில் மாணவர்களுக்குத் தமிழிலேயே கற்பித்தார்; 1867-ல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் மருத்துவம் பயின்றார்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு இயன்றது, மாவனல்லையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் கடமை செய்ய வரும் நம் பிள்ளைகளுக்கு இயலாததல்ல. அந்த இளம் டொக்டரின் தடுமாறிய நாலு சொல்லே பெரியம்மாவின் உடலை முதலில் இளக்கியது. மருந்து அதன் பிறகுதான் வேலை செய்தது.

ஆனாலும் என் சிந்தனை அந்த இளையவரைவிட, கைகளைப் பின்னால் கோத்து நின்ற பெரியவரிடமே அதிகம் தங்குகிறது. அவர் செய்திருந்தால் அந்த வேலை பாதி நேரத்தில் முடிந்திருக்கும். வெளியே வாங்கில் இன்னும் பலர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். தெரிந்த வேலையைச் செய்யாமல் நிற்பது, செய்வதைவிடக் கடினமானது. அடுப்படியில் மகளின் கையில் முதன்முதலாகக் கரண்டியைக் கொடுத்த தாய்மாருக்கு அது தெரியும். இங்கே கொதிப்பது குழம்பல்ல, ஓர் உயிர். அளவுக்கு மேல் பொறுத்தால் நோயாளிக்குத் தீங்கு. அளவுக்கு முன்னே பறித்தால் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளாது. அதன் தீங்கு இன்று கண்ணில் படாமல், பத்து வருடம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு நோயாளியின் குடலில் வெளிப்படும். இன்று படுத்திருப்பவருக்கும் இனிமேல் படுக்கப்போகிறவருக்கும் ஒரே நேரத்தில் நீதி செய்ய வேண்டிய நிலையில் நிற்பவனே ஆசிரியன். எந்தக் கணத்தில் வாங்குவது, எந்தக் கணத்தில் திருப்பிக் கொடுப்பது என்ற அறிவை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. அது நல்ல ஆசிரியர்களின் அருகில் நின்றவர்களிடம் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. பொம்மைக் குடல்களும் கணினிப் பயிற்சிக் கருவிகளும் இன்று வந்துவிட்டன. கட்டாயம் வரவேண்டியவை, அவற்றுக்குச் செலவழிப்பது வீண்செலவல்ல. கிழட்டு மரத்தின் வேலையை அவை கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பொம்மை முனகுவதில்லை. முனகலைக் கேட்டு நிற்கத் தெரிவதும் ஒரு திறமை.

இலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணராவதற்கு ஒரு பிள்ளை நடக்கும் பாதை நீண்டது. இலவசக் கல்வியில் பள்ளிக்கூடம், அரச பல்கலைக்கழகத்தில் மருத்துவம், 1980-ல் நிறுவப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் பரீட்சைகள், போதனா வைத்தியசாலைகளில் ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும், கடைசியில் வெளிநாட்டுப் பயிற்சி. ராகமையில் பேராசிரியர் கெமால் டீன் போன்றவர்கள் பெருங்குடல் சத்திரசிகிச்சையை இந்த நாட்டில் தனித்துறையாக வளர்த்தெடுத்தார்கள். 2022-ன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்களைத் துரோகிகள் என்று தூற்ற எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவர்களுக்கும் இருந்தன. குறைந்த பட்சம், எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று அறிந்து போகவேண்டும் என்பதே என் வேண்டுதல். சான்றிதழ் பெட்டியில் போகிறது. திறமை விரல்களில் போகிறது. அந்த விரல்களுக்குள் அரச வைத்தியசாலை வார்டுகளில் படுத்திருந்த நூற்றுக்கணக்கான உடல்களின் பொறுமையும் போகிறது. அவர்களில் பெரும்பாலோர் பணம் கட்டி வேறிடம் போகமுடியாதவர்கள். வயலிலும் தேயிலையிலும் இறப்பரிலும் உழைத்தவர்கள்.

அப்படியானால் திறமை யாருக்குச் சொந்தம்? உழைத்துப் படித்தவனுக்கு என்று சட்டம் சொல்லும். அந்த உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும், ஒரு மனிதன் தன் வலியைச் சகித்துக்கொண்டு தன் உடலை இன்னொருவனின் அறியாமைக்கு முன் திறந்து வைத்தால்தான் அந்த அறியாமை அறிவாக மாறும் என்றால், அப்படி மாறிய அறிவில் திறந்து வைத்தவனுக்கும் பங்கு இருக்கிறது என்பதையும், அந்தப் பங்கை அவன் ஒருபோதும் வந்து கேட்கப்போவதில்லை என்பதாலேயே அது மற்றெந்தக் கடனைவிடவும் கனமானது என்பதையும், கேட்காத கடனைக் கொடுத்தவனிடமே திருப்பிச் செலுத்த முடியாதபோது அவன் வழியில் அடுத்து வருகிறவனிடம் செலுத்துவதே மனிதகுலம் அறிவைக் காத்து வந்த முறை என்பதையும் நாம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஒப்புக்கொண்டால், மலைநாட்டு வைத்தியசாலையொன்றில் ஓர் உள்நோக்கியும் அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் இருப்பது அரசாங்கத்தின் தயவாகத் தோன்றாது; கடன் அடைபடுகிறது என்று தோன்றும்.

பெரியம்மாவின் குடலில் இருந்த முளை பெரிதுதான். புற்றாக மாறுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். பேத்தியின் கலியாணம் பார்த்தார். வயது போய்த்தான் கண்ணை மூடினார். அந்த இளம் டொக்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாருக்காவது மலத்தோடு இரத்தம் போனால், மூலம் என்று நீங்களே தீர்மானித்துவிட்டு இருக்காதீர்கள். அடுத்த கிளினிக் நாளிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே ஓர் இளம் டொக்டர் தன் பெயரைச் சொல்லி, தான் படிப்பதைச் சொல்லி, பார்க்கலாமா என்று கேட்டால், பின்னால் நிற்பவர் யார் என்று கேளுங்கள். ஒருவர் நிற்கிறார் என்றால், சம்மதம் சொல்லுங்கள்.